பெண்டிங் பட்டனை யார் கையில கொடுத்தீங்க?

மக்களே, ஒரு கணக்கு போடுவோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் 5:40-க்கு நீங்க ஒரு புகார் கொடுக்கறீங்க. எதிர்ல இருக்கறவர் "4 மணி நேரத்துல சரி பண்ணித் தர்றோம்"னு எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுத்திருக்கார். வார்த்தை தவறாத மனுஷன். அப்படீன்னா எத்தனை மணிக்குள்ள சரியாகணும்?

ராத்திரி 9:40-னு சொன்னா உங்களுக்கு முட்டை மார்க். சரியான விடை திங்கக்கிழமை மதியம் 12:40. ஏன்னா 4 மணி நேரம்னா "வேலை நேரத்துல" 4 மணி நேரம். திங்கள் முதல் வெள்ளி வரைக்கும், காலை 9 முதல் மாலை 6 வரைக்கும்தான் அந்தக் கடிகாரம் ஓடும். வெள்ளிக்கிழமை 20 நிமிஷம் ஓடிட்டுத் தூங்கப் போயிடும். மீதி 3 மணி 40 நிமிஷம் திங்கக்கிழமைதான். உங்க சுவர்க் கடிகாரத்துல 67 மணி நேரம், ஒப்பந்தத்துல 4 மணி நேரம்.

இதுல ஏமாத்து வேலை எதுவும் இல்லை. ரெண்டு பேரும் தெரிஞ்சே கையெழுத்து போட்டது, ராத்திரி உட்கார ஆள் வேணும்னா அதுக்குத் தனிக் காசு. நான் கோபப்படறது இதுக்கு இல்லை. இதுக்கு மேல ஒண்ணு இருக்கு, அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

போன வருஷ லீவுல ஒரு கம்பெனியில மூணு மாசம் டிரெய்னியா இருந்தேன். பி.காம் படிக்கறவனுக்கு அங்க என்ன வேலைன்னு கேக்காதீங்க, எனக்கே முதல் வாரம் தெரியலை. பேர் வேண்டாம். மத்த கம்பெனிகளுக்கு "சர்வீஸ் டெஸ்க்" நடத்திக் கொடுக்கற இடம். சாஃப்ட்வேர் வேலை செய்யலை, லாகின் ஆகலை, பிரிண்டர் அழுவுதுன்னு அந்தக் கம்பெனி ஆளுங்க மெயில் போட்டா, அது எங்க திரையில ஒரு டிக்கெட்டா வந்து நிக்கும். நாங்க பதில் சொல்லணும், சரி பண்ணணும், முடியலைன்னா அடுத்த ஆள்கிட்ட தள்ளணும். எவ்வளவு நேரத்துக்குள்ளங்கற ஒப்பந்தத்துக்குப் பேர்தான் சர்வீஸ் லெவல் அக்ரிமென்ட். சுருக்கமா எஸ்எல்ஏ. முதல் பதிலுக்கு ஒரு கெடு, சரி பண்றதுக்கு ஒரு கெடு. டிக்கெட்டோட அவசரத்தைப் பொறுத்து ரெண்டும் மாறும். கெடு தாண்டினா டிக்கெட் சிவப்பாகும், டீம் லீடுக்கு மெயில் போகும், மாசக் கடைசி ரிப்போர்ட்ல கறையா நிக்கும். கறை அதிகமானா பில்லுல கழிப்பாங்க.

படிக்கறப்போ எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க. நானும் முதல் வாரம் இதைப் பார்த்து அசந்து போயிட்டேன். நம்ம ஊர்ல ரேஷன் கார்டுல ஒரு எழுத்து மாத்தறதுக்கு எத்தனை தடவை நடக்கறோம், இங்க பாரு ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு கடிகாரம்னு வீட்ல போய்ப் பெருமையா சொன்னேன். அப்பா "அப்படியா"ன்னுட்டு பேப்பர் படிக்கப் போயிட்டார். அனுபவஸ்தர்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வரேன்.

ஒரு தொழிற்சாலையோட சம்பளப் பிரிவுல இருந்து ஒரு மேடம் டிக்கெட் போட்டாங்க. ஒப்பந்தத் தொழிலாளர்களோட சம்பளக் கணக்கு முடிஞ்சாச்சு, பேங்குக்கு அனுப்பற ஃபைலை மட்டும் சாஃப்ட்வேர் உருவாக்க மாட்டேங்குது, நடுவுல எர்ரர் அடிச்சு நிக்குது. எர்ரர் திரையைப் படம் பிடிச்சு இணைச்சிருந்தாங்க. நேரம் 5:40. கெடு 4 மணி நேரம். தெரிஞ்ச ஆளுங்க எல்லாரும் பையை மாட்டிக்கிட்டு நிக்கறாங்க.

5:55-க்கு டீம் லீட் என் பின்னாடி வந்து நின்னார்.

"தம்பி, அதை ஓப்பன்ல விடாத. ஏதாவது ஒரு கேள்வி கேட்டுட்டு பெண்டிங்ல போடு."

"என்ன கேள்விண்ணா கேக்கறது?"

"ஸ்க்ரீன்ஷாட் கேளு."

"ஸ்க்ரீன்ஷாட் இருக்குண்ணா."

"இன்னொண்ணு கேளுப்பா."

கேட்டேன். "தங்கள் எர்ரரின் தெளிவான ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பவும்"னு மரியாதையா எழுதினேன். ஸ்டேட்டஸை "வாடிக்கையாளர் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்"னு மாத்தினேன். ஓடிக்கிட்டிருந்த கடிகாரம் சட்டுனு நின்னுது. பாவம் அந்த மேடம், 6:20-க்கு அதே படத்தைத் திரும்ப அனுப்பினாங்க. அது வேலை நேரம் முடிஞ்ச பிறகு. கடிகாரம் தூக்கத்துல இருக்கு.

திங்கக்கிழமை காலை 9:20-க்கு ரெண்டாவது கேள்வி: எந்த பிரவுசர்? அவங்க 10:50-க்கு பதில் சொன்னாங்க. 11:30-க்கு மூணாவது: வேற கம்ப்யூட்டர்ல முயற்சி பண்ணிப் பார்த்துச் சொல்லவும். அவங்க வேற கம்ப்யூட்டரைத் தேடிப் பிடிச்சு, சாப்பாட்டு நேரத்தையும் விட்டு, முயற்சி பண்ணி, அங்கயும் அதே எர்ரர்னு 2:45-க்கு எழுதினாங்க. அதுக்கப்புறம்தான் விஷயம் தெரிஞ்ச ஒரு அண்ணன் டிக்கெட்டை நிஜமாவே திறந்து பார்த்தார். ஒரே ஒரு தொழிலாளியோட பேங்க் கிளை கோடு மாஸ்டர்ல காலியா இருந்தது. 4:30-க்கு முடிஞ்சுது.

இப்போ சாஃப்ட்வேர் போட்ட கணக்கைப் பாருங்க. வெள்ளிக்கிழமை 15 நிமிஷம். திங்கக்கிழமை 9-லிருந்து 9:20 வரைக்கும் 20 நிமிஷம். 10:50-லிருந்து 11:30 வரைக்கும் 40 நிமிஷம். 2:45-லிருந்து 4:30 வரைக்கும் 1 மணி 45 நிமிஷம். மொத்தம் சரியா 3 மணி நேரம். கெடு 4. பச்சை! இன்னும் ஒரு மணி நேரம் மிச்சம் வெச்சு முடிச்சிருக்கோம், கைதட்டுங்க.

நிஜத்துல ஆனது 70 மணி 50 நிமிஷம். சனிக்கிழமை கைக்கு வரவேண்டிய சம்பளம் செவ்வாய்க்கிழமை வந்தது. டிக்கெட்டை மூடறதுக்கு முன்னாடி உறுதி பண்ணிக்க நான்தான் அந்த மேடத்துக்குப் போன் பண்ணினேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டலை. "சரியாயிடுச்சு தம்பி. சனிக்கிழமை காலையில ஷிப்ட் முடிஞ்சவங்க எல்லாம் என் டேபிளைச் சுத்தி நின்னாங்க, வீட்டு வாடகை கொடுக்கணும்னு. நான் என்ன சொல்றது, கம்ப்யூட்டர்க்காரங்க பார்க்கறாங்கன்னு சொன்னேன்"னாங்க.

நாங்க பார்க்கலை. பெண்டிங்ல போட்டிருந்தோம்.

இதை டீம் லீடோட குணக்கேடுன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். நல்ல மனுஷன். எனக்கு டீ வாங்கிக் கொடுத்து வேலை கத்துக் கொடுத்தவர். அவரோட அப்ரைசல் அந்தப் பச்சை சதவீதத்துல தொங்குது. அவர் இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். (செஞ்சதே நான்தானே!) தப்பு அந்த பட்டன் இருக்கற இடத்துல இருக்கு.

இந்த சாஃப்ட்வேர்களை உள்ள போய்ப் பார்த்தா எல்லாத்துலயும் இதே ஏற்பாடு உண்டு. சென்னையில 2010-ல ஆரம்பிச்சு 2021-ல அமெரிக்காவோட நாஸ்டாக் வரைக்கும் போன கம்பெனியோட ஃபிரெஷ்டெஸ்க்ல, ஒவ்வொரு ஸ்டேட்டஸுக்கும் எஸ்எல்ஏ டைமர்னு ஒரு ஸ்விட்ச் இருக்கு. ஆன்ல வெச்சா அந்த ஸ்டேட்டஸ்ல கடிகாரம் ஓடும், ஆஃப்ல வெச்சா நிக்கும். அதே நம்ம ஊர் சோஹோவோட சர்வீஸ்டெஸ்க் பிளஸ்ல "ஸ்டாப் டைமர்". ஜிராவுல கடிகாரம் எப்போ ஆரம்பிக்கணும், எப்போ இடையில நிக்கணும், எப்போ முடியணும்னு மூணு நிபந்தனையை நீங்களே எழுதிக்கலாம். கருவி மேல குத்தம் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை. எந்த ஸ்டேட்டஸ் கடிகாரத்தை நிறுத்தும்னு யாரோ ஒருத்தர் உட்கார்ந்து டிக் போடறார் இல்லையா, அவர்தான் நிஜமான ஒப்பந்தத்தை எழுதறார். வக்கீல் வெச்சு எழுதின 40 பக்கத்துல "4 மணி நேரம்"னு இருக்கும். அந்த 4 மணி எதோட 4 மணின்னு முடிவு பண்றது செட்டிங்ஸ் பக்கத்துல இருக்கற ஒரு சின்ன ஸ்விட்ச். அதைப் போட்ட அட்மின் பேரு எந்த ஒப்பந்தத்துலயும் வராது.

(நடுவுல ஒரு சின்ன விஷயம். எஸ்எல்ஏ விதிகள் பல இருந்தா, ஃபிரெஷ்டெஸ்க், ஜென்டெஸ்க் மாதிரியான இடங்கள்ல மேலிருந்து கீழ பார்த்து முதல்ல எது பொருந்துதோ அதை எடுத்துக்கும். எல்லா டிக்கெட்டுக்கும் பொதுவான விதியை யாராவது மேல ஏத்தி வெச்சுட்டா, கீழ நீங்க கஷ்டப்பட்டு எழுதின "சம்பள டிக்கெட்டுக்கு ஒரு மணி நேரம்" எல்லாம் சாமி படம் மாதிரி சும்மா மாட்டி இருக்கும். ஒருத்தரும் கவனிக்க மாட்டாங்க. ஏன்னா கறை விழாதே!)

இப்போ காமர்ஸ் மாணவனா என் கேள்விக்கு வரேன். முதல் வருஷத்துலயே நமக்கு இன்டர்னல் செக் சொல்லிக் கொடுத்தாங்க. ஞாபகம் இருக்கா? பணத்தை வாங்கறவர் கையில கணக்குப் புத்தகம் இருக்கக் கூடாது. சரக்கை எடுத்துக் கொடுக்கறவரே இருப்பு எண்ணக் கூடாது. அவர் திருடன்ங்கறதால இல்லை, திருடற வாய்ப்பையும் சந்தேகத்தையும் சேர்த்தே அவர்கிட்ட இருந்து எடுத்துடறோம். மளிகைக் கடை முதலாளிக்குக் கூட தெரிஞ்ச விஷயம். அப்புறம் எப்படி, கோடிக்கணக்குல பில் போடற ஒரு சேவையில, யாரோட நேரத்தை அளக்கறோமோ அவர் கையிலயே கடிகாரத்தை நிறுத்தற பட்டனைக் கொடுத்துட்டு, மாசக் கடைசியில வர்ற சதவீதத்தை எல்லாரும் தலையாட்டி ஏத்துக்கறாங்க? ரயில்ல டிரைவரே "இப்போ நான் ஓட்டலை, அதனால இந்த நேரத்தைச் சேர்க்காதீங்க"ன்னு சொல்ற மாதிரி இல்லை?

இந்தத் துறைக்காரங்களுக்கு இது தெரியாம இல்லை. "தர்பூசணி எஸ்எல்ஏ"ன்னே ஒரு பேரு வெச்சிருக்காங்க. வெளிய பச்சை, வெட்டினா சிவப்பு. 2019-ல வந்த ஐடிஐஎல் 4 பாடப்புத்தகத்துலயே அந்த வார்த்தை இருக்கு. பேர் வெச்சு, பாடத்துல சேர்த்து, பரீட்சையில கேட்டுட்டு, மறுபடி போய் பெண்டிங்ல போடறாங்க.

நியாயமா ஒரு எதிர்வாதம் உண்டு, அதையும் சொல்லிடறேன். வாடிக்கையாளர் நிஜமாவே பதில் சொல்ல மாட்டார். "வேலை செய்யலை"ன்னு ரெண்டு வார்த்தை எழுதிட்டு ஒரு வாரம் காணாமப் போயிடுவார். அந்த ஒரு வாரத்தையும் என் தலையில கட்டினா எப்படின்னு சர்வீஸ் டெஸ்க்காரர் கேக்கறது நியாயம். நானே அந்த மாதிரி டிக்கெட்டுகளோட மல்லுக்கட்டியிருக்கேன். ஒருத்தர் தலைப்புல "ஹலோ"ன்னு மட்டும் போட்டு, உள்ள எதுவும் எழுதாம அனுப்பினார். :-) அதுக்கும் 4 மணி நேரம் ஓடினா அநியாயம்தான்.

அதனால கடிகாரத்தை நிறுத்தவே கூடாதுன்னு நான் சொல்லலை. ரெண்டு கடிகாரம் வைங்கன்னு சொல்றேன். ஜென்டெஸ்க்ல இது ஏற்கெனவே தனித்தனியா இருக்கு. ஏஜென்ட் வேலை செஞ்ச நேரம்னு ஒண்ணு, வாடிக்கையாளர் காத்திருந்த நேரம்னு ஒண்ணு. நாங்க மூணாவது ஆளுக்காகக் காத்திருக்கோம்னு டிக்கெட்டை "ஆன்-ஹோல்டு"ல போட்டா முதல் கடிகாரம் நிக்கும், ரெண்டாவது நிக்காது. வாடிக்கையாளருக்கு நீ யாருக்காகக் காத்திருந்தா என்ன, அவர் காத்திருக்கார் இல்லையா? ஆனா அந்தக் கடிகாரமும் "பெண்டிங்"ல நின்னுடும். அதனால எல்லாத்துக்கும் மேல, நிறுத்தவே முடியாத ஒரு எண் ரிப்போர்ட்ல வரணும்: டிக்கெட் பிறந்த நேரத்துக்கும் முடிஞ்ச நேரத்துக்கும் உள்ள இடைவெளி. லீவு, ராத்திரி, பெண்டிங், எதையும் கழிக்காம. இதுக்குப் புது சாஃப்ட்வேர் வேண்டாம். ரெண்டு தேதியும் எல்லாக் கருவியிலயும் இருக்கு, எக்ஸெல்ல ஒரு கழித்தல். நான் அப்படித்தான் 70 மணி 50 நிமிஷத்தைக் கண்டுபிடிச்சேன். இந்த எண்ணுக்கு அபராதம் போட வேண்டாம், சதவீதத்துக்குப் பக்கத்துல அச்சடிச்சா மட்டும் போதும். "3 மணி, 70 மணி"ன்னு பக்கத்துல பக்கத்துல பார்த்தா எந்த மேனேஜரும் நடுவுல என்ன நடந்ததுன்னு கேக்காம இருக்க மாட்டார்.

அப்புறம் பெண்டிங்ல போட்ட காரணம். அதை வாடிக்கையாளர் பக்கத்து ஆள் மாசம் ஒரு இருபது டிக்கெட்டை எடுத்துப் படிக்கட்டும். ஆடிட்ல வவுச்சர் சாம்பிள் எடுக்கற மாதிரிதான். ஏற்கெனவே கொடுத்த தகவலையே திரும்பக் கேட்டிருந்தா, நின்ன நேரத்தைத் திரும்பச் சேர்க்கணும். இப்படி ஒருத்தர் படிப்பார்னு தெரிஞ்சிருந்தா எங்க டீம் லீட் அன்னைக்கு "ஸ்க்ரீன்ஷாட் கேளு"ன்னு சொல்லியிருக்கவே மாட்டார்.

முடியுமா இதெல்லாம்னு கேக்கறவங்களுக்கு, நம்ம ஊர்லயே நடந்த ஒண்ணு. 2019 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டுது. ஏடிஎம்ல பணம் வராம கணக்குல மட்டும் கழிஞ்சு போச்சுன்னா, பரிவர்த்தனை நடந்த நாள்ல இருந்து 5 நாளைக்குள்ள பேங்க் தானா திருப்பிப் போடணும். தாண்டினா ஒரு நாளைக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்கு. யுபிஐ-ல ஒருத்தருக்கு அனுப்பின பணம் போய்ச் சேரலைன்னா கெடு ஒரே நாள், அதே 100 ரூபாய். இது எஸ்எல்ஏ இல்லாம வேற என்ன? ஆனா எழுதின விதத்தைப் பாருங்க. கடிகாரம் நீங்க புகார் கொடுத்தப்போ ஆரம்பிக்காது, பரிவர்த்தனை நடந்தப்பவே ஆரம்பிச்சுடும். நாள்னா காலண்டர் நாள், ஞாயித்துக்கிழமையும் சேர்த்துதான். நஷ்ட ஈட்டை நீங்க கேட்டு வாங்க வேண்டியதில்லை, அவங்களே போடணும். வாடிக்கையாளர் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்னு நிறுத்தற பட்டன் அந்தக் கெடுவுல இல்லை.

இதைப் பெரிய ஆளுங்களோட ஒப்பந்தத்தோட ஒப்பிட்டா சிரிப்பு வரும். அமேசானோட ஈசி2 சர்வர் வாடகையில மாசத்துக்கு 99.99 சதவீதம் உத்தரவாதம். 30 நாள் மாசத்துல நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலதான் படுக்கலாம். தாண்டினா பில்லுல 10 சதவீதத்துல ஆரம்பிச்சுக் கழிப்பாங்க. கேக்க ஜோரா இருக்கா? ஆனா கழிவு தானா வராது. எப்போ விழுந்ததுன்னு பதிவுகளை எடுத்து, ரெண்டு பில் சுழற்சிக்குள்ள நீங்க விண்ணப்பிக்கணும். மறந்தா போச்சு. இழந்த வியாபாரத்துக்கு அது ஈடும் இல்லை, அடுத்த பில்லுல ஒரு தள்ளுபடி, அவ்வளவுதான்.

பிசினஸ் லா கிளாஸ்ல 1872 ஒப்பந்தச் சட்டத்தோட 74-வது பிரிவு படிச்சப்போ எனக்கு இந்த டிக்கெட்தான் ஞாபகம் வந்தது. மீறினா இவ்வளவுன்னு ஒப்பந்தத்துல ஒரு தொகை எழுதியிருந்தா, அந்தத் தொகைக்கு மேற்படாம நியாயமான ஈடு கிடைக்கும். யாருக்கு? ஒப்பந்தத்துல இருக்கறவங்களுக்கு. இங்க கையெழுத்து போட்டது ரெண்டு கம்பெனி. மீறினதா கணக்கே வரலை, வந்திருந்தாலும் கழிவு தொழிற்சாலையோட பில்லுலதான் விழும். வாடகை கொடுக்க முடியாம நின்னவர் இந்த ஒப்பந்தத்துல யாருமே இல்லை. அவர் டிக்கெட் போட்டவர் கூட இல்லை. அவரோட மூணு நாள் எந்த டாஷ்போர்டுலயும் எந்த நிறத்துலயும் வராது.

"முதல் பதில்" கெடுவைப் பத்தித் தனியா ஒரு பதிவு போடற அளவுக்குக் கோபம் இருக்கு, இப்போ ஒரு வரியில முடிக்கறேன். "தங்கள் புகார் கிடைத்தது, கவனித்து வருகிறோம்"ங்கற ரெடிமேட் வாக்கியத்தை ஒரு கிளிக்குல அனுப்பினா அந்தக் கெடு முடிஞ்சுது. அனுப்பினவர் டிக்கெட்டைப் படிச்சிருக்கணும்னு அவசியமே இல்லை. நான் ஒரே நாள்ல எத்தனை பேரைக் "கவனித்து" வந்தேன்னு எனக்கே தெரியாது.

மூணு மாசம் முடியறப்போ கடைசி ரிப்போர்ட்டை நான்தான் தயார் பண்ணினேன். அந்த மாசமும் பச்சைதான். நான் ஒரு காலம் சேர்த்து, அந்தக் கழித்தல் எண்ணையும் போட்டு டீம் லீட்கிட்ட காட்டினேன். பார்த்தார். கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம் "தம்பி, கணக்கு சரிதான். ஆனா இதை நாம மட்டும் அனுப்பினா அடுத்த தடவை கான்ட்ராக்ட் பச்சையா காட்டறவனுக்குப் போயிடும்"னார். அந்தக் காலத்தை அழிச்சுட்டு ஃபைலை அனுப்பிட்டேன்.

அதுக்கும் என்கிட்ட பதில் இல்லாம இல்லை. விக்கறவர் தானா முன்வந்து இந்த எண்ணைக் காட்ட மாட்டார், வாங்கறவர்தான் கேக்கணும். டெண்டர்லயே, எல்லாரும் இந்த எண்ணைக் காட்டியாகணும்னு ஒரு வரி எழுதிட்டா டீம் லீட் சொன்ன பயம் யாருக்கும் இருக்காது. நாளைக்கு நம்ம கிளாஸ்ல பாதிப்பேர் ஏதோ ஒரு கம்பெனியில பர்ச்சேஸ்லயோ அக்கவுன்ட்ஸ்லயோ உட்கார்ந்து இந்த மாதிரி பில்லுக்குக் கையெழுத்து போடப் போறீங்க. பில்லோட ஒரு பச்சை ரிப்போர்ட் வரும். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி, பெண்டிங்ல கிடந்த டிக்கெட்டுகளோட பட்டியலைத் தனியா கேளுங்க.

அந்த மேடத்தோட டிக்கெட் இன்னும் அந்த சிஸ்டத்துல இருக்கும். ஹிஸ்டரியைத் திறந்தா, வெள்ளிக்கிழமை 5:55-க்கு ஸ்டேட்டஸை மாத்தினது யாருங்கற இடத்துல என் பேர்தான் இருக்கும்.